செயின்ட் பீட்டர்ஸ் பூல்: மால்டாவின் பாறைக் கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு

மால்டாவுக்கு டிக்கெட் போட்டவர்களில் நிறையப் பேர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பார்கள். தேன் நிறப் பாறை அரை வட்டமாக வளைந்து நிற்கும், நடுவில் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்த பச்சைத் தண்ணீர், மேலிருந்து ஒருவர் குதித்துக்கொண்டிருப்பார். அந்த இடம்தான் செயின்ட் பீட்டர்ஸ் பூல். தீவின் தென்கிழக்கு மூலையில், மார்சஷ்லொக் என்ற மீனவ ஊரைத் தாண்டி கடலுக்குள் நீண்டிருக்கும் டெலிமாரா தீபகற்பத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. யாரும் கட்டிய குளம் இல்லை. மூன்று பக்கம் பாறை, நான்காவது பக்கம் திறந்த கடல், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசல் கிடையாது, லைஃப்கார்டு இருப்பார் என்று நம்பிப் போகிற இடமும் இல்லை. ஆகவே உங்கள் பாதுகாப்பை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காற்று. எந்த நாளில் போவது என்பதை விடுமுறைத் திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மால்டாவில் அதிகம் அடிப்பது வடமேற்குக் காற்று, மஜ்ஜிஸ்ட்ரால் என்பார்கள். செயின்ட் பீட்டர்ஸ் பூல் கிழக்குப் பார்த்த இடம் என்பதால் இந்தக் காற்று அடிக்கும்போது நிலமே மறைப்பாக நின்றுவிடும், தீவின் வடக்குக் கரையில் அலை பொங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும். ஆனால் வடகிழக்கிலிருந்து வரும் கிரிகால், நேர் கிழக்குக் காற்று, தென்கிழக்கிலிருந்து வரும் ஷ்லொக் இந்த மூன்றில் எது அடித்தாலும் அலை நேராகப் பூலுக்குள் வந்து மூன்று பக்கமும் மோதித் திரும்பும். மணல் கரையில் அலை சரிவில் ஏறி ஓய்ந்துவிடும். பாறையில் அப்படி ஓய்வதற்கு இடமில்லை, வந்த வேகத்தில் திரும்பி அடுத்த அலையோடு மோதுகிறது, நடுவில் இருப்பவரைத் தூக்கிப் பாறையில் அடிக்கிறது. அப்படிப்பட்ட நாளில் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அங்கே வேலையில்லை.

மால்டா விமான நிலையத்தில் இயங்கும் வானிலை அலுவலகம் தினமும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், காற்றின் திசை, காற்றின் பலத்தைச் சொல்லும் ஃபோர்ஸ் எண், கடலின் நிலை, அலையேற்றத்தின் (தூரத்திலிருந்து உருண்டு வரும் நீண்ட அலைகள்) திசை என்ற நான்கையும் படியுங்கள். ஃபோர்ஸ் 3 என்றால் 7 முதல் 10 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), மென்மையான காற்றுதான். ஃபோர்ஸ் 5 என்றால் 17 முதல் 21 நாட். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ ஃபோர்ஸ் 3, 4 என்றால் தாராளமாகக் கிளம்பலாம். கிழக்குப் பக்கத்திலிருந்து 4 என்றாலே நான் வேண்டாம் என்பேன். இன்னொன்று, காற்று நின்றவுடன் கடல் நின்றுவிடாது. நேற்று முழுக்கக் கிழக்குக் காற்று அடித்திருந்தால் இன்று இலை அசையாத காலையிலும் அலையேற்றம் மிச்சம் இருக்கும். அதனால் முந்தைய நாள் அறிவிப்பையும் ஒரு பார்வை பாருங்கள். டெலிமாரா ஒத்துவராத நாளில் தீவின் மறுபக்கம் போய்விடலாம். கிழக்கு, தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது மேற்குக் கரையில் உள்ள கோல்டன் பே, ஜ்னேய்னா போன்ற இடங்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தீவின் நீளமே சுமார் 27 கிலோமீட்டர்தான், மாற்றிப் போவது பெரிய விஷயம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, பலர் யோசிக்காதது. வடமேற்குக் காற்று தண்ணீரை அமைதியாக வைத்திருக்கும், ஆனால் அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. காற்றடைத்த மெத்தை, குழந்தைகள் ஏறிக்கொள்ளும் ரப்பர் வளையம், ரப்பர் வாத்து எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். மெத்தையில் படுத்துக் கண்ணை மூடினால் திறக்கும்போது பாறை தள்ளிப் போயிருக்கும், திரும்ப வரும்போது காற்றை எதிர்த்துத் துழாவ வேண்டும். இந்த மாதிரிப் பொருட்களை இங்கே கொண்டு வரவே வேண்டாம். மெத்தை போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள், துரத்திக்கொண்டு நீந்தாதீர்கள்.

மாதத்தைப் பற்றிச் சொல்வதென்றால், குளிர்காலக் கடைசியில் தண்ணீர் 15, 16 டிகிரி வரை இறங்கும், ஆகஸ்டில் 26, 27 வரை ஏறும். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் என்பதால் மே மாதத்தில் வெயில் நன்றாக அடித்தாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், அக்டோபரில் வெயில் தணிந்த பிறகும் தண்ணீர் இதமாக இருக்கும். செப்டம்பர் இரண்டாம் பாதியும் அக்டோபர் தொடக்கமும்தான் என் விருப்பம். கூட்டம் குறைந்திருக்கும், பாறை காலைச் சுடாது. ஆனால் இலையுதிர்கால மழையும் இடியும் அப்போதுதான் தொடங்கும், ஆகவே அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் காலை எட்டு மணிக்குள் அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் துண்டு விரிக்கக்கூட இடம் தேட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மார்சஷ்லொக்கில் சந்தை கூடும் நாள், பேருந்தும் சாலையும் நிரம்பி வழியும், அன்றைக்குத் தவிர்த்துவிடுவது நல்லது.

போகும் வழி. தலைநகர் வல்லெட்டாவிலிருந்து 81, 85 எண் பேருந்துகள் மார்சஷ்லொக்குக்குப் போகின்றன. முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நிரம்பிய பேருந்து நடுவழி நிறுத்தங்களில் நிற்காமல் போய்விடும், அதனால் கொஞ்சம் சிரமப்பட்டாவது வல்லெட்டாவின் பெரிய நிலையத்துக்கே போய் ஏறுங்கள். மார்சஷ்லொக்கில் இறங்கினால் துறைமுகம் முழுக்க மஞ்சள், நீலம், சிவப்பு என்று வண்ணம் பூசிய லுட்சுப் படகுகள், முனையில் இரண்டு பக்கமும் கண் வடிவம் வைத்திருப்பார்கள். அங்கிருந்து விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே மேடேறி, மின்நிலையத்தைக் கடந்து டெலிமாரா சாலையில் நடக்க வேண்டும். சுமார் 3 கிலோமீட்டர், முக்கால் மணி நேர நடை. நிழல் கிட்டத்தட்ட இல்லை. காலையில் நடப்பது சுகமாக இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு ஆகஸ்ட் வெயிலில் அதே சாலை வேறு மாதிரி. நடக்க விருப்பமில்லாதவர்களுக்குத் துறைமுகத்திலிருந்தே சிறு படகுகள் பூலுக்குப் போய் வருகின்றன. ஏறும் முன் திரும்ப அழைத்துவருவார்களா, எத்தனை மணிக்கு, கட்டணம் ஒரு வழிக்கா இரண்டு வழிக்கா என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் எடுப்பவர்களுக்கு: மால்டாவில் நம் ஊர் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது ஒரு வசதி. ஆனால் கடைசிப் பகுதி குறுகலான கரடுமுரடான பாதை, எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். மேலே வண்டி நிறுத்தும் மண் திடலில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவது ஊரறிந்த விஷயம். பாஸ்போர்ட், மடிக்கணினி, பணப்பை எதையும் காரில் விட்டுப் போகாதீர்கள், டிக்கியில் மறைத்து வைப்பதும் பயனில்லை. பாஸ்போர்ட்டைத் தங்குமிடத்திலேயே பூட்டிவிட்டு, பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன பணத்தோடு மட்டும் வருவதுதான் நிம்மதி.

வழியில் கல்லில் பெயின்ட்டால் RTO என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் அது தனியார் நிலம், உள்ளே நுழையாதீர்கள். மால்டாவில் பறவை வேட்டை சட்டப்படி நடக்கிறது, இலையுதிர்காலப் பருவம் செப்டம்பர் 1 அன்று தொடங்கும். விடியற்காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயந்துபோக வேண்டாம், பாதையை விட்டு விலகாமல் நடந்தால் போதும்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவற்றில் முதலிடம் தண்ணீருக்கு, ஆளுக்கு இரண்டு லிட்டராவது. கோடையில் சில நாள் மேலே வண்டிக்கடை நிற்கலாம், அதை நம்பிக் கிளம்பக் கூடாது. கழிப்பறை வேலையை மார்சஷ்லொக்கிலேயே முடித்துவிடுங்கள். அடுத்து வாட்டர் ஷூ, அதாவது ரப்பர் அடி வைத்த, தண்ணீரிலும் கழலாத காலணி. ரப்பர் செருப்பு போதாது, ஈரப்பாறையில் வழுக்கும், கடலில் காலைவிட்டுப் போய்விடும். அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன், நீந்தும்போது போட முழுக்கைச் சட்டை. நம் தோல் கறுப்புதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. வெளிர் பாறையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எதிரொளிக்கும் வெயிலில் நம் தோலும் வெந்து உரியும். ஒரு ஸ்நார்க்கல் முகமூடி கட்டாயம் வேண்டும், அழகு பார்க்க மட்டுமல்ல, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும்தான். உடை விஷயத்தில் நம் பெண்கள் பலரும் தயங்குவார்கள். லெக்கிங்ஸ், முழுக்கை நீச்சல் சட்டை எதைப் போட்டாலும் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ், பருத்திப் பாவாடையோடு மட்டும் இறங்காதீர்கள். ஈரமானால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும், ஏணியில் ஏற விடாது.

சரி, வந்து சேர்ந்தாயிற்று. மேலே வண்டித்திடலிலிருந்து பாதை சரிவாக இறங்கும். இறங்கியதும் துணியை மாற்றிக்கொண்டு ஓடிப்போய்க் குதிக்க வேண்டும் போலத்தான் இருக்கும். கால் மணி நேரம் உட்காருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், ஐந்து பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மூன்று நான்கு பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும். அந்தப் பெரிய அலைகள் பாறையில் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று பார்த்துவிட்டால் அன்றைய கடல் உங்களுக்குப் புரிந்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரம் பாறை நனைந்திருந்தால் அது சும்மா நனையவில்லை. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, மால்டாவில் 20 சென்டிமீட்டர் அளவுதான், ஆகவே நனைத்தது அலைதான்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது: எங்கே ஏறப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். பாறையில் ஓரிரு இரும்பு ஏணிகள் பதித்திருக்கிறார்கள். அவை அன்றைக்கு இருக்கின்றனவா, உறுதியாக இருக்கின்றனவா, கீழ்ப்படி தண்ணீருக்குள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மற்றவர்கள் ஏறுவதைக் கவனியுங்கள், அவர்கள் திணறினால் நீங்களும் திணறுவீர்கள். கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர், ஆழத்துக்குப் பயப்பட மாட்டார்கள், குதிக்கவும் தயங்க மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும், படியும் இருந்த இடத்தில் இருக்கும். இங்கே தண்ணீர் அரை மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்போது ஏணியைப் பிடிக்க வேண்டும், அது தனிப் பழக்கம். பெரிய அலைகள் போய் அமைதி வரும்வரை பாறையிலிருந்து சற்றுத் தள்ளியே மிதந்து காத்திருங்கள். தண்ணீர் மேலே தூக்கும்போது அந்த வேகத்தோடு ஏணியைப் பிடித்து, காலை ஊன்றி, நிற்காமல் இரண்டு படி ஏறிவிடுங்கள். தண்ணீர் இறங்கும்போது கையால் தொங்கக் கூடாது, அடுத்த அலை உங்களை ஏணியோடு சேர்த்து அடிக்கும். நீர்மட்டத்தை ஒட்டிப் பாறையில் பச்சைப் பாசி படிந்த பட்டை இருக்கும், அதில் காலை வைக்கவே வேண்டாம். பாறை ஓரத்தில் நிற்கும்போது கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், படம் எடுப்பதற்காகக்கூட.

முதல்முறை ஏணி வழியாகவே இறங்கி, ஒரு சுற்று நீந்தி, அதே ஏணியில் ஏறி வாருங்கள். அது சுலபமாக முடிந்தால்தான் மற்றதெல்லாம்.

குதிப்பதைப் பற்றி. குதிக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், எனக்கும் அந்த ஆசை புரிகிறது. முகமூடி போட்டுக்கொண்டு இறங்கி, நீங்கள் விழப்போகும் இடத்தையும் அதைச் சுற்றியும் அடியைப் பாருங்கள். தெளிந்த தண்ணீரில் ஆழம் மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது, கீழே கிடக்கும் பாறாங்கல்லின் உயரமும் அப்படித்தான். உள்ளூர் இளைஞர்கள் எந்த இடத்திலிருந்து குதிக்கிறார்களோ அந்த இடத்திலிருந்து மட்டும் குதியுங்கள், அவர்கள் குதிக்காத இடத்துக்குக் காரணம் இருக்கும். தாழ்வான திட்டிலிருந்து தொடங்குங்கள், கால்கள் சேர்ந்திருக்க, கைகள் உடம்போடு ஒட்டியிருக்க, நிமிர்ந்து விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வது இங்கே கூடாது. கழுத்தெலும்பு போனால் போனதுதான். கீழே யாராவது நீந்துகிறார்களா என்று பார்த்து, கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் குதியுங்கள். வெயிலில் நீண்ட நேரம் காய்ந்த உடம்போடு சில்லென்ற தண்ணீரில் விழுந்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் போனால் ஆபத்து. மே, ஜூன் மாதங்களில் முகத்திலும் மார்பிலும் தண்ணீர் தெளித்துக்கொண்ட பிறகே இறங்குங்கள். பீர் குடித்துவிட்டுக் குதிப்பவர்களைப் பார்ப்பீர்கள், அவர்களைப் பார்த்து நீங்களும் குதிக்காதீர்கள்.

அந்தப் பாறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல். வல்லெட்டாவின் கோட்டைகள், தேவாலயங்கள், பழைய வீடுகள் எல்லாம் இதே கல்லில் கட்டியவைதான், அதனால்தான் ஊரும் கரையும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. குளோபிஜெரினா என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு கடலுயிர், அவற்றின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகி மயோசீன் காலத்தில் உருவான பாறை இது. சுலபமாக வெட்டலாம், செதுக்கலாம், அதுவே அதன் பலவீனமும். உப்பும் காற்றும் சேர்ந்து அரித்துத் துளை துளையாக்கும், அடியில் அலை குடைந்துகொண்டே போகும், மேலே தட்டையாக உறுதியாகத் தெரிகிற திட்டுக்குக் கீழே வெற்றிடம் இருக்கலாம். வேறு வகைச் சுண்ணாம்புக்கல்தான் என்றாலும், பக்கத்துக் கோசோ தீவின் கரையில் உலகப் புகழோடு நின்ற அசூர் விண்டோ என்ற பெரிய கல்வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. ஆகவே நிழல் கிடைக்கிறதே என்று குடைந்த பாறைக்குக் கீழே படுக்காதீர்கள், விளிம்பில் கும்பலாக நிற்காதீர்கள். பெயர் செதுக்குவதும் வேண்டாம். ஏற்கெனவே அங்கே பாறை முழுக்கப் பெயர்களும் இதயங்களும் வெட்டி வைத்திருக்கிறார்கள், பார்க்க வேதனையாக இருக்கிறது.

தண்ணீருக்குள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று கடல் முள்ளெலி, கறுப்பு உருண்டையாக முள்ளோடு பாறை இடுக்கில் ஒட்டியிருக்கும், வாட்டர் ஷூ போட்டிருந்தால் பயமில்லை. முள் குத்திவிட்டால் தெரிகிற முள்ளைச் சிறு இடுக்கியால் நேராக இழுங்கள், நோண்டக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் காலை வைத்திருங்கள், மூட்டு அருகே ஆழமாக ஏறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது ஜெல்லிமீன். இந்தக் கடலில் அதிகம் கொட்டுவது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெலாஜியா நோக்டிலூகா என்ற சிறிய வகை. காற்றும் நீரோட்டமும் கூட்டமாகக் கொண்டு வந்து கரையில் சேர்க்கும், ஒரு நாள் ஒன்றுகூட இருக்காது, மறுநாள் நிறைய இருக்கும். இறங்கும் முன் மேலிருந்து தண்ணீரை நன்றாகப் பாருங்கள், கரையில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். மணல் கடற்கரைகளில் இதற்கு ஊதாக் கொடி ஏற்றுவார்கள், இங்கே கொடியை எதிர்பார்க்க முடியாது. கொட்டிவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், குடிநீர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் மிச்சக் கொட்டணுக்களும் வெடிக்கும். தேய்க்கவும் கூடாது. இந்த வகைக்கு வினிகர் உதவாது. சமையல் சோடாவைச் சம அளவு கடல்நீரில் குழைத்துச் சில நிமிடம் பூசி வைத்து, பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெதுவாக வழித்துவிட்டு, துணியில் சுற்றிய குளிர்பொதியை வையுங்கள். சின்ன டப்பாவில் சோடா எடுத்துப் போவது பாரமில்லை. மூச்சு வாங்கினாலோ உதடு, தொண்டை வீங்கினாலோ காத்திருக்காமல் 112 அழையுங்கள்.

யாராவது தத்தளித்தாலும் அதே 112தான். பதறிப்போய்ப் பின்னாலேயே குதிக்காதீர்கள், மூடிய காலி பாட்டில், வளையம், பை என்று மிதக்கிற எதையாவது எறிந்து, மிதந்தபடி இருக்கச் சொல்லிக் கத்துங்கள்.

நீச்சல் தெரியாதவர்களும் சிறு குழந்தையோடு வருபவர்களும் இங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம். கால் ஊன்றி நிற்கிற ஆழம் கிடையாது, ஓரத்திலேயே ஆழம்தான். பாறை மேலே உட்கார்ந்து பார்ப்பதென்றால் குழந்தையின் கையை விடாமல் உட்காருங்கள். குழந்தைகள் தண்ணீரில் விளையாட வேண்டுமென்றால் வடக்கே மெல்லியேஹாவின் அதீரா கடற்கரை நல்லது, நீண்ட தூரம் இடுப்பளவுகூட வராத மணல் கரை, கோடையில் லைஃப்கார்டுகள் இருப்பார்கள். பக்கத்திலேயே வேண்டுமென்றால் பிர்செப்புஜாவின் பிரெட்டி பே, எதிரே கன்டெய்னர் துறைமுகத்துக் கிரேன்கள் நிற்கும், ஆனால் மணல் நல்ல மணல்.

பூலில் உட்கார இடமே இல்லாமல் கூட்டமாக இருந்தால் டெலிமாரா சாலையிலேயே இன்னும் தெற்கே போனால் கலன்கா என்ற சிறு குடா இருக்கிறது. அதே பாறை, அதே தண்ணீர், கூட்டம் குறைவு. அங்கும் ஏறும் வழியை முதலில் பார்க்கும் விதி மாறாது.

குப்பையைப் பையிலேயே திரும்பக் கொண்டு வாருங்கள், சிகரெட் துண்டும் பழத்தோலும் உட்பட. பாட்டு கேட்க ஆசை என்றால் காதில் மாட்டிக்கொள்ளுங்கள், மூன்று பக்கமும் பாறை என்பதால் ஒரு சின்ன ஸ்பீக்கரின் சத்தமே எல்லோர் காதிலும் விழும். கரையோரத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய பழைய உப்புப் பாத்திகள் கண்ணில் பட்டால் அவற்றின் மேல் நடக்காதீர்கள்.

திரும்பும்போது மேடேற வேண்டும் என்பதால் கடைசி அரை லிட்டர் தண்ணீரை மிச்சம் வையுங்கள். மார்சஷ்லொக்கில் கரையோர உணவகங்களில் மீன் நன்றாக இருக்கும், செப்டம்பர் தொடங்கி லம்பூக்கி என்ற மீன் வரும், அது கிடைத்தால் விடாதீர்கள். செலவைக் குறைக்க நினைத்தால் ஃப்டீரா போதும், தக்காளி, ஆலிவ், கேப்பர், சூரை மீன் வைத்த ரொட்டி, பசிக்கு நன்றாகத் தாங்கும். சைவம் சாப்பிடுபவர்கள் பட்டாணி வைத்த பாஸ்டிட்சி கேட்கலாம், ஆனால் மாவில் என்ன கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாலை ஆறு மணி வாக்கில் வல்லெட்டா பேருந்துக்குக் கூட்டம் நெருக்கும், ஒன்று அதற்கு முன்பே கிளம்புங்கள், இல்லையென்றால் சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள், எதற்கும் அன்றைய கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.